ஒரே முகவரியில் இரண்டு கதவுகள்

அனுப்புநர்:
திருமதி பியட்றிஸ் இராஜரத்தினம்,
இல. 12ஏ (கிரய உறுதியின்படி இல. 13),
மகாவலிச் சாரல் தொடர்மாடி,
அனிவத்தை, கண்டி.

பெறுநர்:
பிராந்தியப் பணிப்பாளர் அவர்கள்,
தொடர்மாடிக் குடியிருப்புகள் மேற்பார்வைப் பிரிவு,
கண்டி.

விடயம்: எமது தொடர்மாடியின் தன்னியக்கக் கட்டுப்பாட்டு வலையமைப்பில் இரண்டு வீடுகளின் கருவிகளுக்கு ஒரே முகவரி வழங்கப்பட்டமை, அப்பிழையை மறைக்க எனக்கு மறதி என எழுத்தில் அறிக்கையிட்டமை, அவ்வறிக்கையைக் கொண்டு என்னை என் வீட்டிலிருந்து அகற்ற முயல்கின்றமை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுபத்தெட்டு வயது. கண்டியில் கன்னியர் மடப் பாடசாலையில் கற்று, தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றேன். ஓர் இலக்கம் ஒருவருக்கே உரியது என்ற விடயத்தில் எனக்குப் பாடம் சொல்லத் தகுதியுள்ளவர் எமது கட்டடத்தில் எவரும் இல்லை. இதைத் தாங்கள் முதலில் அறிந்துகொண்டால், கீழே வருவதை விளங்கிக்கொள்வது இலகுவாக இருக்கும்.

2. இம்மாதம் 29ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை எமது முகாமைத்துவக் குழு ஒரு விசேட கூட்டத்தைக் கூட்டுகிறது. நிகழ்ச்சிநிரலில் ஒரே ஒரு விடயம்தான் உள்ளது. கட்டடத்தின் கருவிகளைப் “பாதுகாப்பாகக் கையாள இயலாத” குடியிருப்பாளர் தனியே வசிக்கக்கூடாது, பொறுப்பாளர் ஒருவரை உடன் வைத்திருக்க வேண்டும், தவறினால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்ற தீர்மானம். பெயர் குறிப்பிடப்படவில்லை. இருபத்துநான்கு வீடுகளில் தனியே வசிக்கும் முதியவர்கள் இருவர். மற்றவருக்கு எதிராக எந்த அறிக்கையும் இல்லை.

3. சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதம், குழுத் தலைவர் திரு. திலீபனின் ஏற்பாட்டில், பொறியியலாளர் திரு. சுதேஷ் எமது கட்டடத்தில் தன்னியக்க ஒழுங்கொன்றைப் பொருத்தினார். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு உட்புறமும் செபப் புத்தகம் அளவில் ஒரு பெட்டி. அது மூன்று வேலைகளைச் செய்யும்: வெளியிலிருந்து காட் எனும் அட்டையைக் காட்டினால் கதவைத் திறக்கும், குசினியில் புகை கிளம்பினால் அறிவிக்கும், அப்போது எரிவாயுவை நிறுத்தும். எல்லாப் பெட்டிகளும் கீழ்மாடியில் உள்ள ஒரு கணினியுடன் கம்பிவழியே பேசுகின்றன. கட்டடத்தின் வைஃபையும் அதே வலையமைப்பில்தான். கணினி ஒரு பெட்டியை அதன் முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கிறது. முகவரி நான்கு எண்களால் ஆனது. முதல் மூன்றும் கட்டடம் முழுவதற்கும் பொதுவானவை. கடைசி எண் வீட்டு இலக்கம். திட்டம் நல்ல திட்டம்தான். அதைக் குறைகூற மாட்டேன்.

4. என் வீட்டின் இலக்கம் பதின்மூன்று. நானும் என் காலஞ்சென்ற கணவர், நில அளவையாளர் இராஜரத்தினமும் 2018இல் அந்த இலக்கத்தை அறிந்தே வாங்கினோம். திரு. திலீபனோ அந்த எண் இருந்தால் பக்கத்து வீடுகள் விலைபோகாது என்று சொல்லி, நாங்கள் எழுத்தில் ஆட்சேபித்தும், பெயர்ப்பலகையைக் கழற்றி 12ஏ என்று மாட்டினார். அத்துடன் நில்லாமல், கட்டடத்தின் எந்தப் பலகையிலும் எந்தப் பட்டியலிலும் பதின்மூன்று வரக்கூடாது என்று சுற்றறிக்கையும் விட்டார். பிரதி இணைக்கப்பட்டுள்ளது. தலைவர் படித்தவர், வங்கியொன்றில் முகாமையாளராக இருந்தவர்.

5. வருத்தம் என்னவென்றால், கருவியின் முகவரியில் எழுத்துக்கு இடமில்லை. எண் மட்டுமே ஏற்கப்படும். திரு. சுதேஷ் 12ஏ என்று அடித்தபோது கருவி அதை மறுத்திருக்கும். அவ்விடத்தில் அவர் நின்று யோசித்திருக்க வேண்டும். பதின்மூன்று என்ற முகவரி அன்றும் காலியாக இருந்தது, இன்றும் காலியாக இருக்கிறது. தலைவரின் சுற்றறிக்கையை மீறத் துணியாமலோ, வேறு எண்ணைத் தேடப் பொறுமையில்லாமலோ, ‘ஏ’யை விட்டுவிட்டு வெறும் 12 என்று அடித்தார். அடுத்த வீட்டுக்கும் அதே 12. அன்று கடமையில் இருந்த பாதுகாப்பு ஊழியர் என்னிடம் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: “பின்னேரக் கொழும்புக் கோச்சிக்கு நேரமாச்சுன்னு இருபத்துநாலு பெட்டியையும் ரெண்டு மணித்தியாலத்துல முடிச்சிட்டுப் போயிட்டாருங்க அம்மா.” அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவருக்கு இந்த வேலை தேவை.

6. இல. 12 அப்போது பூட்டிக் கிடந்தது, மின்சாரமும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே ஐந்து மாதங்கள் என் பெட்டி குறையின்றி இயங்கியது. இவ்வாண்டு சனவரி 12ஆம் திகதி அவ்வீட்டுக்குத் திருமதி றம்லத் குடிவந்தார். கணவரை இழந்தவர், அக்குறணையில் மகள் வீடு. நான்காம் நாள், 15ஆம் திகதி புதன்கிழமை, சந்தையிலிருந்து மீனும் மரக்கறியுமாக வந்த எனக்கு என் கதவு திறக்கவில்லை. காட்டைக் காட்டிய ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. ஒரு மணி நாற்பது நிமிடம் நடைபாதையில் நின்றேன். ஊழியர்கள் கதிரை கொண்டுவந்தார்கள். என் வீட்டு வாசலில் விருந்தாளியைப்போல உட்கார நான் இணங்கவில்லை.

7. அன்றிலிருந்து குறிப்புப் புத்தகம் ஒன்றில் ஒவ்வொரு பழுதையும் கிழமை, நேரம், விபரம் என்று பதிந்துவந்தேன். பரிவர்த்தனை நிலையத்துப் பழக்கம். மே மாதம் 7ஆம் திகதி வரை நாற்பத்தாறு பதிவுகள். எரிவாயு காரணமின்றி நின்றது பதினெட்டுத் தடவை. மார்ச் 12ஆம் திகதி மாலை, பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்த புகைக்குக் கணினி என் வீட்டைக் காட்ட, இரண்டு ஊழியர்கள் தீயணைப்பு உருளையுடன் என் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நான் அப்போது குளியலறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். இதற்கு மேல் எழுத என் வளர்ப்பு இடம்தராது. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. இருவரும் இன்றுவரை என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. உண்மையில் தீப்பிடித்திருந்தால் றம்லத் அங்கே எரிந்திருப்பார், இவர்கள் இங்கே என் துவாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

8. முறைப்பாட்டின் பேரில் திரு. சுதேஷ் மூன்று தடவை வந்தார்: பெப்ரவரி 8, மார்ச் 8, ஏப்ரல் 5. மூன்றும் சனிக்கிழமைகள், கொழும்பிலிருந்து வர அவருக்கு அந்த நாள்தான் வசதியாம். மூன்று நாளும் கதவு ஒழுங்காகத் திறந்தது, எரிவாயு ஒழுங்காக எரிந்தது. என் குறிப்புப் புத்தகத்தை அவரிடம் நீட்டினேன். அதை வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே, “ஆன்ட்டி, மெஷினுக்கு மறதி வராது” என்றார். நான் அவருக்கு ஆன்ட்டி அல்ல. அவருடைய தாயாரையோ தகப்பனாரையோ எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

9. ஏப்ரல் 10ஆம் திகதி அவர் கையொப்பமிட்ட அறிக்கையிலிருந்து: “உபகரணங்கள் யாவும் சீராக இயங்குகின்றன. முறைப்பாடுகள் 12ஏ குடியிருப்பாளரின் வயதுசார்ந்த மறதியாலும் குழப்பத்தாலும் எழுவன.” இவர் மருத்துவர் அல்லர். திரு. திலீபன் இதை இருபத்துநான்கு வீடுகளுக்கும் அனுப்பினார். மெல்பேர்னில் இருக்கும் என் மகன் எஸ்ரனுக்கும் அனுப்பினார். மறுநாள் மகன் தொலைபேசியில் அழைத்து, சுற்றிவளைத்துப் பேசிவிட்டு, அம்மா இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். கிழமை, திகதி, அன்றைய புனிதரின் பெயர், மெல்பேர்னில் அப்போது என்ன நேரம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். நான் பெற்ற பிள்ளை என்னைப் பரீட்சித்த அந்த நாளை எனக்குக் கொடுத்தவர் திரு. சுதேஷ். அவர் பெயரை நான் மறக்கப்போவதில்லை. என் ஞாபகம் அதற்குப் போதுமானது.

10. இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும், ஏனெனில் தவறு என்னுடையது. மார்ச் மாத இறுதியில் திரு. திலீபன் கணினியின் பதிவேட்டை எனக்குக் காட்டினார். நான் வெளியே போயிருந்த வேளைகளில் இல. 12இன் காட் என் கதவை நான்கு தடவை திறந்ததாக அதில் இருந்தது. காட்டிவிட்டு அவர் புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் நம்பிவிட்டேன். ஒரு முகவரியில் இரண்டு பெட்டிகள் இருந்தால், றம்லத் தன் சொந்தக் கதவைத் திறப்பதையே கணினி என் கதவாகப் பதியும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. நோன்புப் பெருநாளன்று அவர் தட்டில் வைத்து அனுப்பிய வட்டலப்பத்தை நான் தொடவில்லை. ஊழியரிடம் கொடுத்துவிட்டு, தட்டைக் கழுவி வெறுமையாகத் திருப்பி அனுப்பினேன். இந்த ஊரில் அயலவர் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதன் பொருளைத் தாங்கள் அறிவீர்கள். அவரும் அறிந்தார். ஐந்து வாரங்கள் மின்தூக்கியில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நின்றோம்.

11. மே 7ஆம் திகதி புதன்கிழமை மீண்டும் என் கதவு திறக்கவில்லை. சத்தம் கேட்டு றம்லத் வெளியே வந்தார். என்னைக் கடந்து வந்து, தன் காட்டை என் கதவில் காட்டினார். பச்சை விளக்கு. “மிஸிஸ், என்ட காட்டுக்கு ஒங்கட கதவு தொறபடுதே” என்றார். திருடப்போகிறவர் அதை வீட்டுக்காரியின் முன்னால் செய்துகாட்ட மாட்டார். பிறர் கதவில் காட் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லாதபடியால் இத்தனை நாள் நான் சோதித்திருக்கவில்லை. அன்று சோதித்தேன். என் காட்டுக்கு அவர் கதவு திறந்தது. கணினி எனக்கென்று அனுப்பியது அவர் பெட்டிக்கும், அவருக்கென்று அனுப்பியது என் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

12. உள்ளே வந்து கணவரின் திருப்புளியால் என் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு வெள்ளை ஒட்டுத்தாள். அதில் பேனாவால் 192.168.10.12. பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தோம். 192.168.10.12. அதே பேனா, அதே கையெழுத்து. இரண்டிலும் அந்த ஒன்பது வாலில்லாத ஒன்பது. இரண்டு சந்தாதாரருக்கு ஒரே இலக்கத்தைக் கொடுத்திருந்தால், எங்கள் காலத்தில் அந்த ஊழியர் அன்று மாலையே வீட்டுக்குப் போயிருப்பார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்துவைத்து றம்லத்திடம் அவருடைய நடமாட்டத்தைக் கேட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லுஹர் தொழுகைக்குப் பிறகு அக்குறணைக்குப் புறப்படுவார், திங்கட்கிழமை திரும்புவார். போகும்போது மின்சாரம் வீணாகாதிருக்க மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவார். நாற்பத்தாறு பதிவுகளில் ஒன்றுகூட சனி, ஞாயிறில் இல்லை. திரு. சுதேஷ் சனிக்கிழமைகளில் மட்டுமே வந்தார். ஒரு கட்டடத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளொன்றில், எல்லாப் பெட்டிகளும் உயிரோடு இருக்கும் வேளையில், இருபத்துநான்கு முகவரிகளையும் வரிசையாக ஒருமுறை அழைத்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். அதை அவர் ஒரு நாளும் செய்யவில்லை.

13. மே 14ஆம் திகதி இவை யாவற்றையும் திரு. திலீபனுக்குப் பதிவுத்தபாலில் அறிவித்தேன். பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக 17ஆம் திகதி சனிக்கிழமை திரு. சுதேஷ் மடிக்கணினியுடன் முன்னறிவித்தல் இன்றி என் வாசலில் வந்து நின்று, ஏதோ புதுப்பிப்பு என்றார். உள்ளே விடவில்லை. அவர் வரக்கூடும் என்று நினைத்து நாங்கள் இருவரும் முதல் நாளே இரண்டு பெட்டிகளையும் துணியால் சுற்றி, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரையிட்டு, குறுக்கே கையொப்பமும் வைத்திருந்தோம். கீழ்மாடிக் கணினியறைப் பூட்டின் திறப்பு குழுவிடம் இருக்கிறது. அங்கிருந்து எதையாவது மாற்றினாலும், ஒட்டுத்தாளில் உள்ள அவருடைய கையெழுத்தை அங்கிருந்து மாற்ற முடியாது.

14. றம்லத் தன் மெயின் சுவிட்சை நிரந்தரமாக இறக்கி வைக்கவும் தயாராக இருந்தார். நான் வேண்டாம் என்றேன். பிழை அப்படியே இருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் ஒரு வார இறுதிகூட அக்குறணைக்குப் போகவில்லை. நேற்று முன்தினம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மகளைத்தான் இங்கே வரச்சொன்னார். சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. தீ ஆபத்துக்காக இருவர் குசினியிலும் மின்கலத்தில் இயங்கும் புகை அறிவிப்பான் ஒவ்வொன்றை மாட்டியுள்ளோம். எரிவாயுவை நம்ப முடியாதபடியால் மின்னடுப்பு ஒன்றில் இருவருக்குமாகச் சமைக்கிறோம். என் கதவை நான் திறப்பதற்கு அவருடைய காட் என் கைப்பையில் இருக்கிறது. என்னுடையது அவருடைய கைப்பையில்.

15. விசாரித்ததில், இதே திரு. சுதேஷ் நாவலப்பிட்டிப் பக்கத்தில் கட்டப்படும் முதியோர் இல்லமொன்றுக்கு இதே ஒழுங்கைப் பொருத்த ஒப்பந்தம் பெற்றிருப்பதாக அறிகிறேன். அங்கே வசிக்கப்போகிறவர்கள் எல்லோரும் என் வயதினர். அங்கே எழும் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் அவரிடம் பதில் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது.

16. ஆகவே தங்களிடம் நான் கோருவது:

29ஆம் திகதிக் கூட்டத்தில் மேற்படி தீர்மானம் எடுக்கப்படுவதைத் தடுத்து உத்தரவிட வேண்டும்.

அதற்கு முன் ஒரு புதன்கிழமை, தாங்களோ தங்கள் உத்தியோகத்தரோ நேரில் வந்து, முத்திரைகளை உடைத்து, இரண்டு ஒட்டுத்தாள்களையும் திரு. சுதேஷைக் கொண்டே உரத்து வாசிக்கச் செய்ய வேண்டும். இருபத்துநான்கு வீட்டாரும் அங்கே நிற்க வேண்டும். எத்தனை பேருக்கு என் மறதி அறிவிக்கப்பட்டதோ, அத்தனை பேருக்கும் அவருடைய வாயாலேயே அந்த எண் கேட்க வேண்டும்.

கட்டடத்தின் ஒவ்வொரு கருவிக்கும் ஒரே ஒரு முகவரி என்று புதிய பதிவேடு ஒன்றை அவர் தம் கையால் எழுதித் தர வேண்டும். கணினியில் அடித்தது வேண்டாம். மாடிக்கு மாடி வெற்று எண்கள் விடப்பட வேண்டும். புகை அறிவிப்பும் எரிவாயுவும், விருந்தாளிகள் படம் பார்க்கும் வைஃபையோடு ஒரே வலையமைப்பில் கிடக்கக்கூடாது. பெட்டிகள் யாவும் இயங்கும்போது பரீட்சித்து, அதன் பின்னரே கையொப்பம்.

ஏப்ரல் 10ஆம் திகதி அறிக்கை இரத்துச் செய்யப்பட்டு, அதே அளவு எழுத்தில், அதே ஆட்களுக்கு, மெல்பேர்ன் உட்பட, அவர் பெயரால் மறுப்பு அனுப்பப்பட வேண்டும். அதன்பின் தங்கள் பிரிவின் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து அவர் நீக்கப்பட வேண்டும். வரிசை மாறக்கூடாது, முதலில் நீக்கிவிட்டால் அவர் மறுப்பு எழுத மாட்டார்.

திரு. திலீபன் தலைவர் பதவியிலிருந்து விலக வேண்டும். என் வாசலில் பதின்மூன்று என்ற பலகையை அவரே ஏணி வைத்து மாட்டிவிட்டு விலகட்டும்.

17. மன்னிப்பது நல்லது என்று எமது பங்குத்தந்தை அறிவுரை கூறினார். மன்னிப்பேன் என்று அவருக்கு வாக்களித்திருக்கிறேன். குற்றம் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு மன்னிப்பதைத் திருச்சபை எங்கும் தடுக்கவில்லை.

18. கடைசியாக ஒன்று. மே 21ஆம் திகதி முற்பகல் பத்தேகாலுக்குத் திரு. சுதேஷ் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை ஆன்ட்டி இல்லை, மெடம். தன்னை ஐந்து நிமிடம் உள்ளே விட்டால் எண்ணை மாற்றிவிடுவதாகவும், அடுத்த வாரமே அறிக்கையை மீளப்பெறுவதாகவும், கூட்டம் நடக்காதபடி தலைவரிடம் பேசுவதாகவும், இது இத்துடன் ஒருவருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்றும் சொன்னார். அவர் அதைச் செய்திருப்பார் என்றே நம்புகிறேன். நான் என் வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கலாம், மகனும் நிம்மதியடைந்திருப்பார். ஒட்டுத்தாள் மட்டும் அவருடைய சட்டைப்பைக்குள் போயிருக்கும். பிறகு நான் ஒரு காலத்தில் குழம்பிப்போய்த் தானாகத் தெளிந்த கிழவியாக இந்தக் கட்டடத்தில் வாழ்ந்திருப்பேன்.

மறுத்துவிட்டேன். வீடு போனாலும் போகட்டும், அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குத் தர மாட்டேன் என்று சொன்னேன். என் முடிவு இன்றும் அதுதான். தாங்கள் வரும் புதன்கிழமையைத் தெரிவித்தால் போதும். அரக்கை உடைக்கக் கத்தியும், உட்காரக் கதிரைகளும் தயாராக இருக்கும்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து, ஞாபகம் சிறிதும் குன்றாமல்,

(ஒப்பம்) பியட்றிஸ் இராஜரத்தினம்

சாட்சி: (ஒப்பம்) றம்லத், இல. 12

இடம்: கண்டி
திகதி: 09.06.2025

இணைப்புகள்: 2018ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, 10.04.2025 அறிக்கை, குறிப்புப் புத்தகத்தின் நாற்பத்தாறு பதிவுகளின் பிரதி, முத்திரையிடுவதற்கு முன் எடுக்கப்பட்ட இரண்டு ஒட்டுத்தாள்களின் புகைப்படங்கள்.

பிரதிகள்:
திரு. திலீபன், தலைவர் - அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக.
திரு. சுதேஷ், பொறியியலாளர் - புதன்கிழமைகளை ஒதுக்கி வைத்துக்கொள்வதற்காக.
திரு. எஸ்ரன் இராஜரத்தினம், மெல்பேர்ன் - முழுவதையும் வாசித்ததாகக் கையொப்பமிட்டு, அன்றைய கிழமையையும் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்புவதற்காக.